கன்னத்தால் பேசும் பெட்டி

மார்ச் 3
தசை செயலிழக்கும் நோயில் அண்ணனின் கடைசி விரலும் நின்றுவிட்டது. அந்த விரலால் பொத்தானை அழுத்தினால் அவனுக்காகப் பேசும் பெட்டி இனி சும்மா. மூச்சும் சீக்கிரம் நின்றுவிடும், தொண்டையில் குழாய் வைக்கலாமா என்று டாக்டர் கேட்டார். அண்ணன் கண்ணைச் சிமிட்டினான். "ஆமாங்கறார்" என்றாள் அண்ணி. எனக்கு அப்படித் தோன்றவில்லை.
"அவரே தெளிவா சொல்லட்டும்மா. ஆனா சீக்கிரம்" என்றார் டாக்டர்.

மார்ச் 4
கன்னத் தசை இன்னும் துடிக்கிறது. அதில் ஒட்டும் உணரி வாங்கிவிட்டேன். பெட்டியை இயக்கும் அடிப்படை மென்பொருளான கெர்னலுக்குத்தான் அதை அடையாளம் தெரியாது. கெர்னலைப் புதிதாகக் கட்டி, கம்பைல் செய்ய வேண்டும்.
"இங்கயே உக்காந்து செய்யேன். எதுக்கு உன் வீட்டுக்கு ஓடற?" என்றாள் அண்ணி.
"சின்னப் பெட்டி அண்ணி. தனக்கு வேணுங்கறத அதால செஞ்சுக்க முடியாது. என் கம்ப்யூட்டர்ல செஞ்சு எடுத்துட்டு வந்து ஊட்டணும்."
சொன்ன பிறகுதான் அண்ணன் பக்கம் பார்த்தேன். ஏன்தான் வாயைத் திறந்தேனோ.

மார்ச் 6
சொதப்பல். பெட்டி எழவே இல்லை. எந்தச் சிப்புக்கு என்று குறிப்பிட மறந்து, என் கம்ப்யூட்டருக்கான கெர்னலையே கட்டி எடுத்துப் போயிருக்கிறேன். இதுதான் என் பிழைப்பே! புத்தி எங்கே போச்சு எனக்கு?

மார்ச் 7
மறுபடி முதலிலிருந்து.

மார்ச் 9
எழுந்துவிட்டது! கன்னம் துடித்தால் திரையில் எழுத்து விழுகிறது. ஆனால் சத்தம் இல்லை. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று தேவையில்லாதவற்றைக் கழித்தபோது ஒலியை இயக்கும் டிரைவரையும் கழித்துத் தொலைத்திருக்கிறேன். பேசுவதற்கென்றே இருக்கிற பெட்டியில்!
"ஊமைக்கு ஊமைப் பெட்டி. நல்ல ஜோடி" என்று அண்ணன் எழுதினான். சிரித்துவிட்டேன். அண்ணி மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். அடுத்த வரி மெதுவாக வந்தது.
"குழாய் வேணாம்."
அண்ணியிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன்.
"நீ சொல்லாத. நான்தான் சொல்லணும். அவ காதுல கேக்கணும்."

மார்ச் 10
கம்பைல் பட்டியலில் ஒலிக்கு ஒரு குறி போட்டால் போதும். போடாவிட்டால்? "பெட்டி சரிவரல அண்ணி" என்றால் நம்பிவிடுவாள். டாக்டர் அவளைக் கேட்பார், குழாய் வைப்பார், அண்ணன் இருப்பான். இருப்பானே! எனக்கு அவன் வேணும். அவ்ளோதான். வேற என்ன சொல்லத் தெரியும் எனக்கு —

மாலை. குறி போட்டுவிட்டேன். கம்பைல் ஓடுகிறது. நடுவில் ஏதாவது பிழை வந்து நின்றுவிடாதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு பிழைகூட வரவில்லை.

மார்ச் 11
சொல்லிவிட்டான். டாக்டரும் இருந்தார். பெட்டியிலிருந்து செய்தி வாசிக்கிறவர் போல ஒரு குரல்: "குழாய் வேணாம். வீட்லயே உன் பக்கத்துல இருக்கேன்."
"இது அவர் பேச்சே இல்ல! நீதான் ஏதோ எழுதி வெச்சிருக்க!" என்று அண்ணி என்மேல் பாய்ந்தாள். அண்ணன் கன்னம் துடித்தது.
"அவள திட்டாத. அவளுக்கு அவ்ளோ சாமர்த்தியம் பத்தாது."
பேசியது யார் என்று அண்ணிக்குத் தெரிந்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

ஏப்ரல் 2
வீட்டிலேயே போய்விட்டான். பகலில். அண்ணியின் கை அவன் கன்னத்தில் இருந்தது.

ஏப்ரல் 19
அண்ணியோடுதான் இருக்கிறேன். காலையில் எழுந்ததும் அவள் பெட்டியைப் போடுகிறாள். தயாரானதும் அது "பேசலாம்" என்று சொல்லும். நான்தான் அப்படி வைத்தேன். அதைக் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போகிறாள். நான் அணைப்பதில்லை.