மச்சினன் நின்ற இடம்

ஜூலை 5, ஞாயிறு

"மச்சான், நடுவுல தும்மல் வந்து நின்னுட்டா குத்தமா?"

குர்ஆன் ஓதும்போது எங்கே நிறுத்தலாம், எங்கே நிறுத்தக் கூடாது என்று நான் பாடம் எடுத்த முதல் வாரத்தில் மச்சினன் கேட்ட கேள்வி. லாரி ஓட்டுகிறவன். அவன் பாஷையிலேயே சொன்னேன்: "ஏத்தத்துல இன்ஜின் நின்னா டிரைவர் மேல தப்பா? தும்மல், இருமல், மூச்சு முட்டல், அழுகை, எதுல நின்னாலும் குத்தமில்ல. வண்டியைக் கொஞ்சம் பின்னால உருட்டு. ரெண்டு சொல்லுக்கு முன்னாலேருந்து எடுத்து, சேர்த்து ஓதிட்டுப் போ."

அழுகை. என் வாயால்தான் சொன்னேன்.

என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "முழுசும் ஓதி முடிச்சு உனக்காக அல்லாகிட்ட துஆ கேக்குறேன்க்கா" என்றான். அவளால் அதுவரை இருக்க முடியவில்லை. அவள் போன பிறகும் அவன் விடவில்லை. ஞாயிறுதோறும் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து ஓதி, கடைசிக்கு முந்தைய பாகம் வரை வந்துவிட்டான்.

இன்று உறவுக்காரர்கள் சுற்றி இருந்தார்கள். 'இறைவன் யாருமில்லை, அவனைத் தவிர' என்று பொருள் வரும் இடம். 'யாருமில்லை' என்பதோடு நின்றுவிட்டான். அங்கே நின்றால் பொருளே தலைகீழ். எந்த மாணவருக்கும் நான் முதலில் காட்டும் உதாரணம் அதுதான்.

"அங்க நிக்காதே!" என்றேன். வகுப்புக் குரலில்.

அவன் குர்ஆனை மூடி மேசைமேல் வைத்தான். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஜூலை 6, திங்கள்

மகள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "மாமா நிறுத்தல வாப்பா. அழுதாங்க. தொண்டை அடைச்சிருச்சு. எதிர்லதானே உக்காந்திருந்தீங்க?"

எதிரில்தான் இருந்தேன். கண் எழுத்தில் இருந்தது.

"உம்மா போன அன்னிக்கும் நீங்க அழல. அதுக்காக மத்தவங்களும் அழக் கூடாதா?"

அவள் தேய்த்து வைத்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினேன்.

ஜூலை 7, செவ்வாய்

போன் செய்தேன். எடுக்கவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பான் என்று எழுதுகிறேன். நம்பவில்லை.

ஜூலை 9, வியாழன்

லாரி நிற்கும் கொட்டகைக்கே போனேன். வழியெல்லாம் மன்னிப்பை ஒத்திகை பார்த்துவிட்டு, அவனைக் கண்டதும், "டயர் தேஞ்சிருக்கே?" என்றேன்.

"டயரைப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"ஞாயித்துக்கிழமை வந்து முடிச்சிரு."

"நீங்களே முடிச்சிருங்க மச்சான். எங்க நிக்கணும்னு உங்களுக்குத்தானே தெரியும்."

சுருக்கென்று தைத்தது. எனக்கு வேண்டியதுதான். "உன் அழுகை என் காதுல விழலப்பா. தப்பு மட்டும்தான் விழுந்துச்சு. என்னை மன்னிச்சிரு" என்றேன்.

பழந்துணியில் விரல் விரலாக எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு, கோபமே இல்லாமல்: "அக்கா நீங்க இருக்கும்போது வாய்க்குள்ளயே ஓதும். நீங்க வெளிய போனாத்தான் சத்தமா ஓதும். தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது.

அவள் குரலே சன்னம் என்றல்லவா நினைத்திருந்தேன். ஊருக்கெல்லாம் பொறுமையான வாத்தியார் நான். வீட்டுக்கு? அவளிடம் கேட்க இனி வழியில்லை. ஐயோ, ஒரு தடவையாவது, "நல்லா ஓதுறே"ன்னு சொல்லியிருக்கக் கூடாதா நான்?

ஜூலை 14, செவ்வாய்

மகளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறான். வருகிறானாம். ஒரு நிபந்தனை: "வாத்தியார் சமையலறைக்குள்ள இருக்கணும். கதவு சாத்தியிருக்கணும்." சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

சேட்டை செய்யும் பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிறுத்தியவன். இப்போது என் முறை.

ஜூலை 19, ஞாயிறு

அடுப்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். கதவைத் தாண்டி அவன் குரல் நன்றாகவே கேட்டது. அந்த இடம் நெருங்க நெருங்க எனக்கு வியர்த்தது.

அதே சொல்லில் நின்றான்.

கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். கூடத்தில் சத்தமே இல்லை. மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. அவள் தம்பி அவளுக்காக அழுகிறான் — என்று நினைத்த நொடியில் பொத்திய கை நனைந்தது. அவள் போன பிறகு முதல் தடவை.

பிறகு அவனே வண்டியைப் பின்னால் உருட்டினான். ரெண்டு சொல்லுக்கு முன்னாலிருந்து எடுத்தான். சேர்த்தான். போனான். மீதி முழுவதையும் ஓதி முடித்துவிட்டு, அக்காவுக்காக துஆ கேட்டான். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே நானும் ஆமீன் சொன்னேன்.

கதவைத் திறந்தான். "தப்பு எங்கயாவது இருந்துச்சா மச்சான்?"

"குழாய் ஓடிச்சுப்பா. சரியா காதுல விழல."

"காலையிலேருந்து குழாயில தண்ணியே வரல வாப்பா" என்றாள் மகள். அவன் என் முகத்தைப் பார்த்தான். சிரித்துவிட்டான். கூடத்துக்குத் திரும்பிப் போய், பக்கத்தில் எனக்கு இடம் விட்டு உட்கார்ந்தான்.

நாளை வகுப்பில் முதலில் சொல்ல வேண்டியது: ஓதுகிறவர் நின்றுவிட்டால், திருத்த வாயைத் திறக்கும் முன் ஒரு தடவை அவர் முகத்தைப் பார்.