உன் இலையில் முதல் வாய்

என் அம்மாவுக்கு,

நீ இல்லாத வீட்டில் நடந்ததை எல்லாம் உள்ளது உள்ளபடியே இதில் எழுதப்போகிறேன். அழகாக வரவேண்டும் என்று எதையும் கூட்ட மாட்டேன். நீ வருத்தப்படுவாய் என்று எதையும் மறைக்கவும் மாட்டேன்.

என் தோளுக்குப் பின்னால் நின்று வேறு யாராவது படித்தால் படித்துக்கொள்ளட்டும். அவர்களுக்காகச் சிலவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். எனக்கு இரண்டாம் வகுப்பிலிருந்து சர்க்கரை நோய். பெரியவர்களுக்கு வருகிற வகை அல்ல, சின்ன வயதிலேயே வருகிற வகை. ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். என் அம்மா போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு காய்ச்சலில் இறந்துபோனார். அவ்வளவுதான். இனி உன்னோடு பேசுகிறேன்.

முதலில் சமையல் செய்தி. அவரைக்காய்ப் பொரியல் இப்போது எனக்கு நன்றாக வருகிறது. நார் உரிக்கும்போதே உயிரியல் பாடத்தை மனப்பாடம் செய்துவிடுகிறேன். கோவைக்காயை மெலிதாக நறுக்கினால் கொஞ்சம் எண்ணெயே போதும். ஆனால் அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அடிப்பிடித்துவிடுகிறது. நீ ஏன் எப்போதும் அடுப்பைவிட்டு நகராமலே என்னோடு பேசினாய் என்பது அப்போதுதான் புரிந்தது.

சோற்றை இன்னும் அந்தக் கிண்ணத்தில்தான் அளக்கிறேன். உன் கல்யாணத்துக்கு வந்த, அடியில் உன் பெயர் வெட்டிய எவர்சில்வர் கிண்ணம். தேய்க்கும்போது உன் பெயர் விரலில் தட்டுப்படுகிறது. கடினமாக இருப்பது ஒருத்திக்கு மட்டும் சமைப்பதுதான் அம்மா. ஒரு கைப்பிடிப் பருப்பைப் போட்டால் குக்கரின் அடியில் அது காணாமலே போய்விடுகிறது.

அப்பாவுக்கு இப்போதும் திருமழிசை கம்பெனியில் பெரும்பாலும் இரண்டாம் ஷிப்ட்தான். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது அப்பா இருக்கமாட்டார். ராத்திரிச் சாப்பாட்டைக் கம்பெனி கேன்டீனிலேயே முடித்துவிட்டு அப்பா வரும்போது நான் தூங்கியிருப்பேன். "காய் முதல்ல, சோறு அப்புறம்" என்று நீ தினமும் சொல்வாயே, அதை நானே எனக்கு வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். வீடு காலியாக இருந்தால் சின்னக் குரல்கூட எப்படிக் கேட்கும் தெரியுமா?

காய்கறி வண்டி கஸ்தூரி அக்கா ரொம்ப நாளாக நம் நூம்பல் தெருப் பக்கம் வரவில்லை. காலில் கட்டியாம். போன மாதம்தான் திரும்ப வந்தார். என்னைப் பார்த்ததும், "இன்னா பாப்பா, நீ வந்துகீற? அம்மா ஊட்ல இல்லியா?" என்று கேட்டார். சொன்னேன். தராசைக் கீழே வைத்துவிட்டு வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஐய... இன்னா பாப்பா இது" என்றார். தராசைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "நீ சாப்ட்டியா?" என்று கேட்டார்.

எல்லோரும் நீ எப்படிப் போனாய் என்றுதான் கேட்டார்கள் அம்மா. நான் சாப்பிட்டேனா என்று இந்த அக்காதான் கேட்டார். அப்புறம், "பிஞ்சு வெண்டிக்கா கீது, பாரு. உங்கம்மா முனைய ஒட்ச்சிப் பாக்காம எடுக்காது. நீயும் ஒட்ச்சிப் பாத்து எடு" என்றார். உடைத்துப் பார்த்துத்தான் எடுத்தேன்.

இப்போது முக்கியமான செய்திக்கு வருகிறேன். உன் முதல் வருஷத் திதிக்காகக் கோவில்பட்டியிலிருந்து ராஜி அத்தை ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிட்டார். திதிக்காக மட்டும் வரவில்லை, என்னைக் கூட்டிக்கொண்டு போகவும் வந்திருந்தார்.

"ஏட்டி, ஒத்தையில கெடந்து என்னத்தப் பொங்கித் திங்க? எங்கூட வந்துரு. அங்க நாலு பேரு இருக்கோம், ஆளுக்கொரு நேரம் பாத்துக்கிடுவோம்" என்றார். அத்தை கெட்டவர் இல்லை. என் ஊசியைப் பார்த்தாலே அவருக்குக் கண் கலங்கிவிடும். ஆனால் அங்கே போனால் என் பள்ளிக்கூடம் இல்லை, நூலகம் இல்லை, அப்பா இல்லை. உன் சமையலறையும் இல்லை. அப்பாவிடம் கேட்டேன். "திதி முடியட்டும், பாக்கலாம்" என்றார். அப்பா "பாக்கலாம்" என்று சொன்னால் அது பெரும்பாலும் "சரி" என்பதுதான் என்று உனக்குத் தெரியும்.

அதனால் அந்த வாரம் முழுவதும் நான் பரீட்சை எழுதுவதுபோலச் சமைத்தேன். காலையில் கேழ்வரகு அடை, இரவில் பாசிப்பருப்புக் கூட்டு. எதையும் கருகவிடவில்லை. அத்தை ருசி பார்த்துவிட்டு, "உப்பு எங்கட்டி?" என்பார். பிறகு இன்னொரு கரண்டி போட்டுக்கொள்வார்.

திதிக்கு முந்தைய நாள் அத்தை கேட்டார்: "யண்ணே, மதினிக்கு என்ன புடிக்கும்? படையல்ல அதத்தான வைக்கணும்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் உடனே, "கோவைக்காய்" என்றேன். எத்தனையோ தடவை ரசித்துச் சாப்பிட்டிருக்கிறாயே!

"அது ஒனக்காகத் தின்னது புள்ள. அவளுக்காக என்ன தின்னா?" என்றார் அத்தை.

எந்தக் கேள்விக்கும் முதலில் கை தூக்குகிறவள் நான். என் அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

அப்பாதான் மெதுவாகச் சொன்னார். "ஜிலேபி. கல்யாணமான புதுசுல பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு கடை. சுடச்சுடப் பிழிவாங்க. அதுக்காக வந்த பஸ்ஸ விட்டுட்டு நிப்பா. இவளுக்கு சுகர்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் தொட்டதே இல்ல."

"வெளியில போகும்போதுகூடவாப்பா?"

"நானும் கேட்டேன். வாய்ல வாசம் வந்தா பிள்ளைக்கு ஆசை வரும்னுட்டா."

அம்மா, நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை? நான் வகுப்பில் இருக்கும் நேரத்தில் நீ ஒரு ஜிலேபி தின்றிருந்தால் எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? அன்று இரவெல்லாம் இதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அப்பா லீவு போட்டுவிட்டுப் பூந்தமல்லிக்குப் போய் ஜிலேபி வாங்கி வந்தார். அத்தை வடை சுட்டார், சாம்பார் வைத்தார். நான் கோவைக்காயையும் விடவில்லை. மத்தியானம் உன் படத்துக்கு முன்னால் அப்பா இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தார்.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். நம் வீட்டில் நீ என்ன சொல்வாய்? "தட்டு வச்சாச்சு, ஊசியப் போடு." நீ பரிமாறி, நான் காயைத் தின்று, சோற்றுக்கு வரும்போது மருந்து வேலை செய்யச் சரியாக இருக்கும். இத்தனை வருஷமாகத் தட்டு வைத்தாலே கை தானாகவே ஊசிக்குப் போய்விடுகிறது. இலை விழுந்ததும் உள்ளே போய் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அன்று போட்ட இலை எனக்கானது அல்ல, உனக்கானது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சாமி கும்பிட்டதும் அத்தை ஒரு சின்ன இலையில் எல்லாவற்றையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார். காகம் வந்து எடுத்த பிறகுதான் வீட்டில் யாரும் வாய் வைக்கலாம். அப்பாவும் நானும் பின்னாலேயே போனோம். கைப்பிடிச் சுவரில் இலையை வைத்துவிட்டு அத்தை "கா... கா..." என்று கூப்பிட்டார். பைபாஸ் லாரிகளின் சத்தத்தில் அவர் குரல் எங்கே எடுபடும்? காகம் வரவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து புறாக்கள் வந்தன.

"சூ! போ அங்கிட்டு! ஒங்கள யாரு கூப்ட்டா?"

"அத்தை, புறா எடுத்தாலும் பரவாயில்லையா?"

"நல்லாருக்கே! புறாவெல்லாம் கணக்குல வராதுட்டி. இது என்ன ஊரு, ஒரு காக்காகூட இல்லாம!"

சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கழுத்தின் பின்னால் குளிர்ந்து வேர்த்தது. உதடு மரத்தது. சர்க்கரை இறங்குகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். சொன்னால் அத்தை என் துணிகளை அன்றைக்கே மடித்து வைத்துவிடுவார் என்று பயமாக இருந்தது. "விளக்கு அணையாம பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.

குளுக்கோஸ் டப்பா எப்போதும் ஃபிரிட்ஜ் மேலே இருக்கும். அன்று இல்லை. படையலுக்காக வீட்டை ஒதுங்கவைத்த அத்தை எங்கோ எடுத்து வைத்திருந்தார். நம் வீட்டில் சர்க்கரை டப்பாவே கிடையாது, உனக்குத் தெரியும். கால் நடுங்கியது. உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். எதிரே உன் இலை. இலையில் ஜிலேபி.

எடுத்தேன் அம்மா. ஜிலேபி இதற்குச் சரியான மருந்து இல்லை, பொரித்தது மெதுவாகத்தான் ஏறும் என்று நீ சொன்னது அந்த நேரத்திலும் நினைவுக்கு வந்தது. அதனால் பாகை முதலில் உறிஞ்சினேன். இலையில் வழிந்து கிடந்ததையும் விரலால் வழித்து நக்கினேன். அப்புறம் அதைக் கடித்துத் தின்றேன். உனக்கு வைத்ததை, காகத்துக்கு முன்னால், உனக்கும் முன்னால். புளிப்பும் இனிப்புமாக இருந்தது. இதற்காகத்தான் நீ பஸ்ஸை விட்டாயா என்று நினைத்துக்கொண்டேன்.

மாடியிலிருந்து இறங்கி வந்த அத்தை வாசலில் நின்று, "ஏட்டி! காக்கா இன்னும் எடுக்கலையே!" என்று கத்தினார். அப்பா என் முகத்தைப் பார்த்ததும் ஓடிவந்தார்.

"குளுக்கோஸ் டப்பா எங்க ராஜி?"

"அந்தப் பச்ச டப்பாவாண்ணே? பழசுன்னு பரண்ல ஏத்திட்டேனே..."

அப்பா நாற்காலிமேல் ஏறி எடுத்து, தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தார். விரலில் குத்தி மெஷினில் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக அறை தன் இடத்துக்குத் திரும்பியது. அத்தை முந்தானையால் என் நெற்றியைத் துடைத்துக்கொண்டே அழுதார்.

"இதுக்குத்தாண்ணே சொல்லுதேன். ஒத்தையில இருந்தா இவள யாரு பாப்பா?"

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஒத்தையில இருந்திருந்தா ஊசி போட்டதும் சாப்பிட்டிருப்பேன் அத்தை. எல்லாரும் கூட இருந்ததாலதான் காத்திருந்தேன்."

எதிர்த்துப் பேச நினைத்துச் சொல்லவில்லை அம்மா. உண்மை அதுதான். அப்பா மெஷினை உறையில் போட்டு மூடினார். "அவ சொல்றது சரிதான் ராஜி. முதல்ல அவளுக்குச் சாப்பாடு போடு" என்றார்.

அத்தை புது இலை எடுக்கப் போகவில்லை. நான் கை வைத்த உன் இலையையே என் பக்கம் நகர்த்தினார். "இதுலயே தின்னு. மதினி ஒண்ணும் சொல்லமாட்டா" என்றார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "காய் மொதல்லயா, சோறு மொதல்லயா?" என்று கேட்டார்.

"காய் முதல்ல."

காகம் வந்ததா என்று கேட்பாய். நாங்கள் சாப்பிட்டுவிட்டு மேலே போனபோது சின்ன இலை காலியாக இருந்தது. காகமா, புறாவா, எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுத மாட்டேன்.

அத்தை ஊருக்குப் போய்விட்டார். நான் போகவில்லை. "முழுப் பரீட்சை முடியட்டும், பாக்கலாம்" என்று இப்போது அத்தை சொல்கிறார். பச்சை டப்பா ஃபிரிட்ஜ் மேலே திரும்பிவிட்டது. என் புத்தகப் பையிலும் ஒரு புது டப்பா இருந்தது, அத்தை வைத்துவிட்டுப் போனது. ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குத் தினமும் போன் வருகிறது. "ஏட்டி, தட்டு வச்சாச்சா?" வைத்தாயிற்று என்றதும் போனை வைத்துவிடுகிறார், நான் சாப்பிடத் தாமதமாகக் கூடாதாம்.

போன் வைத்த பிறகு வீடு முன்பைவிட அமைதியாக இருக்கிறது. இங்கேயே இருக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டேன், இருக்கிறேன். ஆனால் ஜெயித்தவளும் தனியாகத்தான் சாப்பிட வேண்டியிருக்கிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம் சொன்னால் பாவம், கம்பெனியில் ஷிப்டை மாற்றக் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிறார். உன்னிடம் மறைக்க மாட்டேன் என்றேனே, அதனால் எழுதினேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். தட்டு வைத்துவிட்டால் யாருக்காகவும் காத்திருக்க மாட்டேன். தனியாக இருந்தாலும் காயை முதலில் சாப்பிடுவேன். ஒருத்திக்குத்தானே என்று பழைய சோற்றோடு முடித்துக்கொள்ள மாட்டேன். அடுத்த திதிக்கும் உன் இலையில் ஜிலேபி இருக்கும். அன்றைக்கு மட்டும், நீ சாப்பிட்ட பிறகுதான் நான் ஊசி போட்டுக்கொள்வேன். நீ அவசரமில்லாமல் சாப்பிடு.

உன் கிண்ணத்தில் சோறு அளக்கும் மகள்,
தர்ஷினி

படுக்கும் முன் நீ ஒருமுறை என் சர்க்கரையைப் பார்ப்பாய். சரியாக இருந்தால்தான் சமையலறை விளக்கை அணைப்பாய். இப்போது பார்த்தேன், சரியாக இருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டேன்.