எருமைக்கு ஒரு காலி ரவுண்டு

காலி ரவுண்டு போகாமல் எங்களை வண்டியில் ஏற்றாத என் அன்பு நைனாவுக்கு,

நலமா என்று உங்களிடம் கேட்க வழியில்லை. இங்கே நடப்பதைச் சொல்கிறேன், கேளுங்கள். நம் பழைய டீசல் காரை, அம்மா 'எருமை' என்று பேர் வைத்தாளே அதை, நாளைக்கு ரேஸ் டிராக்குக்குக் கொண்டு போகிறேன். பந்தயம் இல்லை, பயப்படாதீர்கள். அவரவர் சொந்தக் காரை ஒரு நாள் ஆசை தீர ஓட்டிப் பார்க்க விடுகிறார்கள்.

அம்மா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் போனதிலிருந்து அவள் அந்தக் காரில் ஏறவே இல்லை. சர்ச்சுக்கும் ஆட்டோதான். "அவரு ஓட்டுன வண்டிய ஒடைக்கறதுக்கா போற?" என்று கேட்டாள். அவள் வேண்டாம் என்றால் போவதில்லை என்றுதான் இருந்தேன்.

தங்கச் சுரங்கத்தில் ஆட்கள் இறங்கும் கூண்டை, அந்தக் கேஜை, ஏற்றி இறக்கும் இன்ஜினை ஓட்டியவர் நீங்கள். ஷிஃப்ட் ஆட்கள் ஏறும் முன்னால் கேஜ் ஒரு தடவை காலியாகக் கீழே போய் மேலே வர வேண்டும். சுரங்கத்தை மூடிய பிறகும் அந்தப் பழக்கம் உங்களை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்குக் கிளம்பி, இஸ்திரி போட்ட துணியோடு, ஸ்கெலட்டன் என்கிற நம் சுரங்கக் குவார்ட்டர்ஸ் வீட்டு கேட்டில் நாங்கள் நிற்போம். நீங்கள் தனியாக ராபர்ட்சன்பேட்டை வரை போய்த் திரும்புவீர்கள். "உங்க காலி ரவுண்டு முடியறதுக்குள்ள ஐயரு பிரசங்கத்தையே முடிச்சிடுவாரு" என்று அம்மா கத்துவாள். எனக்கும் எரிச்சலாகத்தான் வரும். இப்போது உங்கள் ஹாரன் சத்தம் தெருமுனையில் ஒரே ஒரு முறை கேட்டால் போதும் என்றிருக்கிறது.

அத்தனை உயிர்களை அவ்வளவு வேகமாக இறக்கி, குலுங்காமல் நிறுத்திய கை, ரோட்டில் ஏன் நாற்பதைத் தாண்டவே இல்லை? கேட்காமலே விட்டுவிட்டேன்.

மெக்கானிக் பாபு அண்ணன் நம் வாசலிலேயே வேலை பார்த்தார். "ஓட வெக்கறது பெருசில்ல பாப்பா. இவ்ளோ வெயிட்ட நிறுத்தணுமே, அதான் வேல" என்றார். பிரேக்குக்குப் புது பேடும் ஆயிலும் போட்டோம். எடை குறைக்க பின் சீட், ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம். முன்னால் இடது பக்க சீட்டைக் கழற்ற அவர் ஸ்பேனரை எடுத்ததும் அம்மா உள்ளேயிருந்து வந்தாள்.

"அதுல கை வெக்காத பாபு. அது என் சீட்டு."

ஏறாத காரில் என்ன சீட்டு? பாபு அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

இன்று மதியம், நாளைக்குப் போகட்டுமா என்று கேட்டேன். துணி மடித்தபடி, "காலி ரவுண்டு போனியா?" என்றாள். அவளுக்காகத்தான் கிளம்பினேன். மார்க்கெட் இறக்கத்தில் பிரேக் மிதி மெத்தென்று உள்ளே போனது. கியரைக் குறைத்து, எப்படியோ ஓரமாக நிறுத்தி, பாபு அண்ணனை வரவழைத்தேன். புது ஆயில் ஊற்றும்போது குழாயில் காற்று தங்கிவிட்டதாம். அங்கேயே வெளியேற்றினார். இது நாளைக்கு டிராக்கில் நடந்திருந்தால்?

அம்மாவிடம் மறைக்கவில்லை. சாவியைப் பிடுங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன். "சரி பண்ணியாச்சி இல்ல? மறுபடி காலியா ஒண்ணு போயிட்டு வா" என்றாள்.

போய்த் திரும்பினேன். இஸ்திரி போட்ட புடவையில் கேட்டருகே நின்றிருந்தாள். கதவைத் திறந்து தன் சீட்டில் உட்கார்ந்தாள்.

"இன்னா பாக்கற? இப்ப ஆளு ஏறலாம். எடு வண்டிய."

அழுதுகொண்டே ஓட்டினேன் நைனா, நாற்பதைத் தாண்டாமல்.

நாளைக்கு அவளும் வருகிறாள், வேலிக்கு வெளியே உட்கார்ந்து பார்க்க. டிராக்கிலும் என் முதல் சுற்று மெதுவாகத்தான் இருக்கும். சாயங்காலம் வீடு திரும்பும் முன் எருமையைக் காலியாக ஒரு ரவுண்டு விட்டுப் பார்த்த பிறகே அம்மாவை ஏற்றுவேன். அதுவரை அவள் கத்தினால் கத்தட்டும்.

இப்படிக்கு,
கேட்டில் காத்து நின்ற உங்கள் மூத்த மகள்,
ஜெசி