இருபத்திமூன்று புளியங்கொட்டை

மூதூர்

என் கண்ணான மகன் ஹஸ்மிக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் தங்கச்சி ஷிஃபானாவும் எருமைகள் ஆறும் அல்லாஹ்வின் கிருபையால் நல்ல சுகம், டோஹாவில் உன் சுகத்துக்காகக் கையேந்தாத தொழுகை எனக்கில்லை. என்னடா இது உம்மா கடிதம் எழுதுகிறா என்று யோசிப்பாய். வட்ஸ்அப்பில் நான் பேசி அனுப்புவதை நீ அப்படியே ஜெமீல் மாமாவுக்குத் தட்டிவிடுகிறாய், அவர் அதைச் சந்தியில் நாலு பேருக்குப் போட்டுக் காட்டுகிறார். அதனால்தான் பேனையை எடுத்தேன், லீவு முடிந்து டோஹாவுக்குத் திரும்பும் உன் கூட்டாளி முனாஸிடம் கொடுத்துவிடுகிறேன்.

மாமாவிடம் மன்னிப்புக் கேட்டு அவரையே தயிர்ச் சங்கத்துக்குத் தலைவராக வைங்க உம்மா, இல்லாட்டி என் விசாவைப் புதுப்பிக்க உதவமாட்டாராம் என்று சொன்னாய். அவர் என் கூடப்பிறந்த நானா, உன்னை அங்கே அனுப்பிவைத்த நன்றி எனக்கும் இருக்கு. அதற்காக இந்த ஊர்ப் பெண்கள் கறக்கிற பாலெல்லாம் அவருக்கு எழுதிக் கொடுப்பதா? மாட்டேன் மகன். மன்னிப்பும் கேட்கமாட்டேன்.

மூன்று வருசத்துக்கு முன் தொடங்கின முதல் சங்கம் ஞாபகமிருக்கா? பெயர்ப்பலகை, ரிப்பன், வாடகைக் கதிரை, கேக். ஆர் தலைவர் என்றதும் மரியாதைக்கு எல்லாரும் ஜெமீல் ஹாஜியார் என்று கைதூக்கினோம். எங்கள் தயிரை வாங்கி லொறியில் கொண்டுபோகிறவரே அவர்தான். வாங்குகிறவரையே விற்கிறவர்களுக்குத் தலைவராக்கின மூளைசாலிகள் நாங்கள்! விலையைப் பற்றி ஆரும் வாய்திறந்தால் நானா தொண்டையைச் செருமுவார், அவ்வளவுதான், கூட்டம் முடிந்துவிடும். ஆறு மாதத்தில் சங்கமும் மௌத்து.

இந்த முறை நான் கண்ணை மூடிக்கொண்டு குதிக்கவில்லை. சங்கம் தொடக்கிக் கொடுத்துப் பழகின இரண்டு பேரிடம் திருகோணமலை டவுனில் மூன்று நாள் போய்ப் படித்தோம், ஒருவர் கனகசுந்தரம் ஐயா, மற்றவ மட்டக்களப்பிலிருந்து வந்த பிரியதர்சினி மிஸ். ஐயா வந்ததும் வராததுமாக, நான் பத்தொன்பது சங்கம் தொடக்கினனான், ஏழுதான் உயிரோட இருக்கு, செத்த பன்னிரண்டைப் பற்றித்தான் கதைக்கப்போறன் என்றார். அப்போதே மனுசனை எனக்குப் பிடித்துவிட்டது. ஆட்கள் சேர முன்னமே கட்டடம் கட்டிச் செத்தது ஒன்றாம், எங்களைப் போல் பெரிய மனிதருக்கு மரியாதை பார்த்தே செத்தது நாலாம். பலகையைக் கடைசியா எழுதுங்கோ, வேற ஆர் வாங்குவினம் எண்டு முதல்ல தேடுங்கோ என்றார். மிஸ் என்னைப் பார்த்து, தொடங்கினவ கதிரையில குந்தப்படாது என்றா. எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன், தலைவியாக எனக்கு ஆசைதான். ஆனாலும் விட்டுக்கொடுத்தேன், இப்போது தலைவி பின்வளவுப் புஷ்பவதி அக்கா. நானும் அவவும் மூன்று மாதம் நிலாவெளி ஹோட்டல்களிலும் டவுன் கடைகளிலும் சட்டியோடு ஏறி இறங்கினோம். அதற்குப் பிறகுதான் கூட்டமே.

கைதூக்கச் சொன்னால் மறுபடி முகம் பார்ப்போம் என்று மிஸ் சொல்லித் தந்தபடி, ஷிஃபானாவின் அறையில் திரைக்குப் பின்னால் இரண்டு தயிர்ச் சட்டி வைத்தோம். தயிர் வாங்கும் வியாபாரி நிருவாகத்தில் இருக்கலாம் என்றால் ஒரு சட்டி, ஏலாது என்றால் மற்றது, ஆளுக்கொரு புளியங்கொட்டை. இருபத்திமூன்று பேர் போட்டோம். கவிழ்த்துப் பார்த்தால் இருபத்திமூன்றும் ஏலாதுச் சட்டிக்குள்! ஆர் எதில் போட்டது என்று தெரியக்கூடாதென்று திரை கட்டினோம், எல்லாம் ஒன்றிலேயே விழுந்தால் எதை ஒளிப்பது? உனக்கு மாமா சொல்லாத கதை ஒன்று இருக்கு, உன் மாமி பஸ்மியாவும் எங்கள் அங்கத்தவர். அவவும்தான் இருபது வருசமாக எருமை கறக்கிறா. மாமாவுக்குச் சுடுவது அவவின் அந்தக் கொட்டைதான்.

அடுத்த நாள் லொறி வரவில்லை. எண்பது சட்டி தயிர் முற்றத்தில், ஷிஃபானா அழுதுவிட்டாள். புஷ்பவதி அக்கா இரண்டு ஓட்டோவைப் பிடித்து நிலாவெளிக்குக் கொண்டுபோனா, அறுபது விற்றது, மிச்சம் இருபதை வீடு வீடாகப் பங்கிட்டுச் சாப்பிட்டோம். இரண்டாம் நாள் எண்பதும் போனது. லொறியை நாங்கள் திரும்பக் கேட்கவில்லை.

உன் விசாவை நினைத்தால் பயம்தான் மகன், படுத்தால் நித்திரை வருவதில்லை. ஆனால் உன்னைக் காட்டி என்னை மடக்க விடமாட்டேன். புதுப்பிக்க வேறு வழி தேடு, கிடைக்காவிட்டால் வீட்டுக்கு வா, இங்கே கறக்க ஆள் போதாது.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல சம்பாத்தியத்தையும் தரட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, ஏசிக்கு நேரே படுக்காதே. இந்தக் கடிதத்தை மாமாவுக்குப் படம்பிடித்து அனுப்புவதென்றால் பாதியை வெட்டாமல் முழுதாக அனுப்பு. அவருக்கும் கதவு திறந்துதான் இருக்கு என்று சொல். விடியச் சுபஹு தொழுதுவிட்டு வாளியோடு வந்து எருமை கறக்கட்டும், இருபத்திநாலாவது ஆளாகச் சேர்த்து அவருக்கும் ஒரு புளியங்கொட்டை தருகிறோம்.

இப்படிக்கு உன் உம்மா,
ரபீக்கா
அங்கத்தவர் இலக்கம் பதினொன்று