கொம்புத் திருக்கையின் கோத்ரம்

ஸ்ரீரங்கம்,
புரட்டாசிக் கடைசி.

சிரஞ்சீவி சுப்ரஜாவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

இங்கே சௌக்கியம். நீ நம்பமாட்டாய், ஆனாலும் சௌக்கியம்தான். போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் இருமுகிறேன். அதனால்தான் தபால். புத்தூர் டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

அப்பா தனியாகக் கிடக்கிறாரே என்று மாலத்தீவு ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு வரப்போவதாகச் சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்து, போன வருஷம் நம்மை விட்டுப் போன உன் அம்மாவின் ஞாபகமாகவே இருக்கிறது.

காலேஜில் குளிர்பெட்டி பழுதானபோது, தூத்துக்குடியில் சேகரித்த கொம்புத் திருக்கைத் தோல் துணுக்குகளைக் குப்பி குப்பியாக வீட்டுக்குக் கொண்டுவந்தாயே! நம் கூடத்தின் அகலத்துக்குச் சிறகு விரிக்கிற மீன் என்று வேறு சொன்னாய். வெங்காயமே நுழையாத வீடு. உன் அம்மா சாமியாடிவிடுவாள் என்று நான் மெதுவாகக் கோயிலுக்கு நழுவினேன். திரும்பி வந்தால் பால், தயிர், மாவு எல்லாம் வெளியே. "அந்த ஃப்ரிட்ஜ் இனிமே உன்னோடதுடீ, நாங்க சமாளிச்சுக்கறோம்" என்றாளாம். கோடை முழுக்கப் புளித்த மோர்தான். கரண்ட் போனால் விசிறியைத் தேடமாட்டாள்; யாரும் ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்காமல் காவல் நிற்பாள். "பல வருஷத்துக்கு ஒரு தடவை ஒரே ஒரு குட்டிதான் போடுமாம், பாவம்" என்று எதிர்வீட்டு மாமியிடம் பெருமை பேசுவாள். அந்தப் புளித்த மோருக்கு இப்போது மனசு ஏங்குகிறது.

மஹாளய அமாவாசைக்குக் காவிரிக்கரை அம்மா மண்டபம் போனேன். தர்ப்பணம் முடியும்போது நாதியற்றவர்களுக்கும் எள்ளும் தண்ணீரும் விடுவோம் அல்லவா? தூத்துக்குடியில் வயிற்றில் குட்டியோடு வலையில் மாட்டிச் செத்து, உன்னைச் சாப்பிடவிடாமல் அடித்ததே ஒரு திருக்கை, அதற்கும் விடலாமா என்று சௌரிராஜன் வாத்யாரைக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "பேஷா விடலாம் ஸ்வாமி. நாதியில்லாததுக்குக் கோத்ரம்கூட வேண்டாம்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நாதியில்லேன்னு யார் சொன்னா? அதோட கோத்ரத்தைத்தான் எம் பொண்ணு தேடிண்டிருக்கா" என்றேன்.

இங்கே வலையில் சாகிறவையும் அங்கே உன் படகைச் சுற்றி நீந்துகிறவையும் ஒரே வம்சமா என்று தெரிந்தால்தானே இரண்டு கரையிலும் காப்பாற்றச் சொல்ல முடியும்? நீதான் சொன்னாய். அதை விட்டுவிட்டு வந்து என் ரசத்துக்குப் பெருங்காயம் போடப்போகிறாயா?

வராதே என்று சொல்லவில்லை, குழந்தே. வீடு வெறிச்சென்றுதான் இருக்கிறது. முடித்துவிட்டு வா. உன்னைக் கடலில் காப்பதும், அதுவரை என்னை இங்கே வைத்திருப்பதும் பெருமாள் பொறுப்பு.

இப்படிக்கு,
உன் அப்பா
லக்ஷ்மிகாந்தன்