வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

மாமா,

பெயிண்ட் அடிக்க வந்தவர் இன்று உங்கள் அறைக் கதவின் முன்னால் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார். "ஏனுங்க அம்மணி, உள்பக்கத் தாழ்ப்பாளைக் கழட்டி வெளிப்பக்கம் மாட்டியிருக்குதே, எதுக்குங்க?" என்றார்.

பாப்பா சின்னவளாக இருந்தபோது உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள், அதனால்தான் என்று வாய் கூசாமல் சொன்னேன். அப்படியானால் வெளியே எதற்கு என்று அவர் மேலே கேட்கவில்லை. நல்ல மனுஷர். எனக்குத்தான் அதற்கப்புறம் ஒரு வேலையும் ஓடவில்லை. அந்தத் தாழ்ப்பாளின் கதையை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை, உங்கள் மகனிடம்கூட. உங்களிடமே சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கணபதிப் பகுதியில் உங்கள் லேத் பட்டறைக்கு வந்தவர் யாரும் காப்பி குடிக்காமல் திரும்பியதில்லை. பக்கத்துக் கடைக்கு விலாசம் கேட்டு வந்தவரையும் உட்கார வைப்பீர்கள். கல்யாணமாகி வந்த புதிதில், இதென்ன வீடா காப்பிக் கடையா என்று மனசுக்குள் திட்டியிருக்கிறேன். அத்தை காலமாகி, பட்டறையை விற்ற பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை. "வாங்க, உக்காருங்க, ஊட்ல எல்லாருஞ் சௌக்கியமுங்களா?" பெயர்கள், முகங்கள், கிழமைகள் என்று ஒவ்வொன்றாக உங்களை விட்டுப் போனபோதும் அந்த உபசாரம் மட்டும் போகவில்லை. எனக்கு வினையும் அங்கேதான் பிடித்தது.

டாக்டர் டிமென்ஷியா என்றார். நீங்கள் கேஸைத் திறந்துவிட்டுப் பற்ற வைக்க மறந்தீர்கள். குளியல் சோப்பைக் கடித்தீர்கள். எப்போதோ விற்றுப்போன பட்டறையைத் திறக்கத் தினமும் வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினீர்கள். ஆனால் பொள்ளாச்சியிலிருந்து உங்கள் மகள், என் நங்கையா, வந்துவிட்டால் போதும். சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து, அங்கே மழை உண்டா, தேங்காய் என்ன விலை போகிறது என்று அப்படி விசாரிப்பீர்கள். அவருக்குப் பூரிப்புத் தாங்காது. பேச்சு முடிகிற வரைக்கும் ஒரு தடவைகூட நீங்கள் அவரை வழக்கம்போலக் 'கண்ணு' என்று கூப்பிடவில்லை என்பதை நான்தான் கவனித்தேன். வந்திருப்பது யாரென்றே உங்களுக்குத் தெரியவில்லை.

அவர் கிளம்பும்போது குனிந்து, இங்கே சோறு போடுவதில்லை என்று காதோடு சொன்னீர்கள். நீங்கள் சாப்பிட்ட தட்டு அப்போதுதான் கழுவிக் காய்ந்துகொண்டிருந்தது. நங்கையா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்பா நல்லாத்தான இருக்கறாங்க. உனக்குப் பாரமாப் போச்சுன்னா நேராச் சொல்லிப்போடு அம்மணி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வாரம் கூட இருந்து பாருங்கள் என்றேன். மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆள் இல்லை என்று கிளம்பிப் போய்விட்டார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

அடுத்த வாரமே சத்தி ரோட்டில் லாரிக்கு முன்னால் போய் நின்றீர்கள். காய்கறி வண்டிக்காரர் கையைப் பிடித்து இழுத்து வந்து விட்டார். அன்றைக்குத்தான் உங்கள் மகன் அந்தத் தாழ்ப்பாளை இடம் மாற்றினார். நான் குளிக்கிற நேரத்துக்கு, மாடியில் துணி காயப்போடுகிற நேரத்துக்கு மட்டும் என்றுதான் பேச்சு.

அப்புறம் அந்த வியாழக்கிழமை. பாப்பா பள்ளிக்கூடத்தில் விழுந்துவிட்டாள், கை வீங்கியிருக்கிறது, உடனே வாருங்கள் என்று போன். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. நீங்கள் சாப்பிட்டுப் படுத்திருந்தீர்கள். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு ஆட்டோவைப் பிடித்தேன். எலும்பு முறியவில்லை, கட்டுப் போட்டு அழைத்துக்கொண்டு வீடு வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது.

உள்ளே நுழையும்போதே தட்டுகிற சத்தம் கேட்டது. இடிக்கவில்லை. முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல மெதுவாக மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று. "ஏனுங்க, யாராச்சும் இருக்கறீங்களா? கொஞ்சந் தொறந்து உடுங்க. ஊட்டுக்குப் போகோணுங்க."

நான் திறக்கவில்லை மாமா.

பாப்பாவைப் படுக்க வைத்தேன். சமையலறைக்குப் போய்ப் பாலைச் சுடவைத்து, எனக்கு மட்டும் ஒரு காப்பி போட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். நீங்கள் தட்டினீர்கள். நான் குடித்தேன். தொந்தரவு செய்வதற்கு மன்னித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மறுபடியும் தட்டினீர்கள். பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம் இருக்கும். மாதக் கணக்கில் எனக்கென்று கிடைக்காத பதினைந்து நிமிஷம் அது, அதை விடக்கூடாது என்று ஒரு வெறி. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வந்து கதவைத் திறந்தேன்.

வேட்டி நனைந்திருந்தது. விரல் முட்டியெல்லாம் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டீர்கள். "ரொம்ப உபகாரமுங்க. உங்களுக்குச் சிரமங் குடுத்துப்போட்டேன்."

நீங்கள் என்னை ஓங்கி அறைந்திருந்தால் தேவலை.

இனிமேல் மாமாவை என் கையில் மட்டும் விட்டுப் போகாதீர்கள், எனக்கு என்மேலேயே பயமாக இருக்கிறது என்று அன்றே உங்கள் மகனிடம் சொன்னேன். களைப்பில் பேசுகிறேன் என்று நினைத்தார். காப்பியைப் பற்றி நான் சொல்லவில்லை. இப்படி மறதி வந்தவர்களுக்கென்றே நடக்கும் ஹோம் துடியலூர்ப் பக்கம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் பார்த்துவிட்டு வந்தோம். நங்கையாவுக்கு விஷயம் தெரிந்ததும், எங்கப்பனை அனாதையாக்க விடமாட்டேன் என்று காரில் வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாம் நாள் போன் வந்தது. சந்தை நாள், காலையில் வாசலில் உட்கார்ந்திருந்தவரைக் காணோம், மத்தியானம் ஆகிவிட்டது. நானும் உங்கள் மகனும் கிளம்பினோம். பொள்ளாச்சி ரோட்டில் எந்த லாரியைப் பார்த்தாலும் அதன் முன்னால் நீங்கள் நிற்கிறீர்களா என்று எட்டிப் பார்த்தேன். அந்த வியாழக்கிழமை உடனே ஓடிப்போய்க் கதவைத் திறந்திருந்தால் நீங்கள் இங்கே வந்திருக்கவே மாட்டீர்கள் என்று திரும்பத் திரும்ப அதே நினைப்பு. கிணத்துக்கடவு தாண்டும்போது அடுத்த போன். மாட்டுச் சந்தையில், கட்டியிருந்த மாடுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கணபதிக்கு வழி கேட்டுக்கொண்டிருந்தீர்களாம்.

நங்கையா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "என்னையே யாருங்கன்னு கேக்கறாங்க அம்மணி." நான்தான் அப்போதே சொன்னேனே என்று நாக்கு நுனி வரை வந்தது. முழுங்கிவிட்டேன். நான் யோக்கியமா என்ன?

நங்கையாவும் சம்மதித்து, ஹோமில் சேர்ப்பதென்று முடிவானதும் ஊர் பேசியது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? துடியலூரில் உங்களைச் சேர்த்த அன்று, நான் முதலில் பார்த்தது உங்கள் அறைக் கதவைத்தான். தாழ்ப்பாளே இல்லை. சுற்றிலும் மதில், நடுவில் வேப்ப மரம், எத்தனை சுற்று வேண்டுமானாலும் நடக்கலாம். வீட்டுக்குப் போகவேண்டும் என்று நீங்கள் சொன்னால், அங்கே பார்த்துக்கொள்ளும் பெண், இதுதான் வீடு என்று மல்லுக்கு நிற்க மாட்டாள். உங்க ஊடு எங்கீங்க, யார் யார் இருக்காங்க என்று கேட்டுக்கொண்டே கூட நடப்பாள். நான் எத்தனை நாள் உங்களோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன்!

கடைசியாகப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. என்னை வாங்க என்றீர்கள், சௌக்கியம் கேட்டீர்கள், அந்தப் பெண்ணிடம் சொல்லிக் காப்பி வரவழைத்தீர்கள். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தீர்கள்.

"நீங்க குடிங்க. நாங் கெளம்பறனுங்க. ஊட்ல மருமக இருக்குது. சொல்லாம வந்துபோட்டேன், தேடும்."

அந்தப் பெண் செய்வதுபோலவே கேட்டேன். "கோவிச்சுக்குமுங்களா?"

வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டீர்கள். "கோவம் வருமுங்க அதுக்கு. ஆனாத் தொறந்து உட்ரும்."

அந்தப் பக்கம் போனால் நீங்கள் இங்கே இருப்பதை மருமகளிடம் சொல்லச் சொன்னீர்கள். சொல்லிவிடுகிறேன் என்றேன். பத்தாம் நாள் காய்ச்சலில் போய்விட்டீர்கள்.

அந்தக் கதவையெல்லாம் நீங்கள் நினைவில் வைத்திருக்க வாய்ப்பே இல்லை என்கிறார் உங்கள் மகன், ஏதோ வாயில் வந்ததாம். இருக்கலாம். மன்னித்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை. மறந்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்ளவும் மனசு வரவில்லை.

நாளைக்குப் பெயிண்டர் வந்ததும் அந்தத் தாழ்ப்பாளைக் கழட்டச் சொல்லப் போகிறேன். இன்றைக்கு அவருக்குக் காப்பி கொடுத்த பிறகுதான் நான் குடித்தேன். இப்போதெல்லாம் யார் கதவைத் தட்டினாலும், கையில் இருக்கிற டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடுகிறேன் மாமா. எதுக்குங்க இப்படி ஓடியாறீங்க, மெதுவா வாங்க என்று கூரியர்காரர்கூடச் சிரிக்கிறார்.