கையைக் கட்டிக்கொண்டு நின்ற நாள்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலை முழுக்க மோட்டார் அறையில். மேலே எங்கள் லேபில் இடம் இல்லையென்று இந்தப் பாழாய்ப்போன மோட்டாரை அடித்தளத்தில் வைத்திருக்கிறார்கள். ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பது யாராவது நனைந்து வந்தால்தான் தெரியும்.

நேற்று அக்கா போனில் தன் வார்டு நர்ஸ் ஒருத்தியிடம் என் படிப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "மோட்டாருக்கு ஸ்டெதாஸ்கோப் வைக்கிறா. பேரிங் உடையறதுக்கு முன்னாடியே உள்ள விரிசல் விழுற சத்தத்தைக் கேட்டுச் சொல்லிடும்." என் ஐந்து வருட முனைவர் ஆராய்ச்சியை நானே இவ்வளவு அழகாகச் சொன்னதில்லை. கைடு மேடத்திடம் சொல்லி தீசிஸின் முதல் பக்கத்தில் போட்டுவிடலாம்.

தாடி வழக்கம்போல் கூப்பிட்டான். எனக்கு இரண்டு வருடம் ஜூனியர். "சீனியர், கொஞ்சம் வந்து தொட்டுக் குடுங்களேன்." அவன் மோட்டாரில் சென்சாரை மாட்டினால் சிறிது நேரத்தில் ஸ்கிரீனில் கோடு மெதுவாக மேலே ஏறி, உச்சியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. நான் போய் மாட்டினால் சமர்த்தாக நேரே போகிறது. லேபில் இதற்கு வைத்திருக்கும் பெயர் என் கைராசி. சென்சாரைப் பதமாக அழுத்திப் பிடிக்கிற வித்தை எனக்குத்தான் தெரியும் என்று எல்லோரும் நம்புகிறார்கள், நான் உட்பட. பெருமையில் ஊதிப் பெரிசாகிவிட்டேன்.

இடதுகைக்காரிக்கு இந்த அறையில் நிம்மதியே இல்லை. எல்லாம் வலதுகைக்காரர்களுக்காகப் போட்டது. இடது கை வேலைக்கு வேண்டுமென்று வலது மணிக்கட்டில் கட்டுகிற வாரின் ஒயர் மேஜை விரிப்பிலிருக்கும் ஊக்குவரை எட்டுவதில்லை. உடம்பின் ஸ்டாட்டிக் பாய்ந்து சர்க்யூட் செத்துவிடக்கூடாதே என்று கட்டும் வார் அது. வேறு வழியில்லாமல் சென்சாரோடு சேர்ந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியிலேயே மாட்டிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 9, திங்கள்

இன்று ஒரு கடிதம் வந்தது.

போன வருடம் வந்த எங்கள் ஆய்வுப் பேப்பரைப் படித்துவிட்டு வேறொரு பல்கலைக்கழகத்தில் அதே சென்சாரைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அங்கிருக்கிற பேராசிரியர் எழுதியிருக்கிறார். கோடு மேலே ஏறி ஒட்டிக்கொள்கிறதாம். மூன்று முறை செய்தும் அப்படியேதானாம். "நாங்கள் ஏதோ தவறு செய்கிறோம் போலிருக்கிறது, தயவுசெய்து வழிகாட்டவும்." திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.

மேடம் கூப்பிட்டனுப்பினார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார் — நல்ல சகுனம் இல்லை.

"அடுத்த மாசம் அவரை இங்கயே வரச் சொல்லியிருக்கேன். அவரே மாட்டட்டும், அவரே அளக்கட்டும்."

"அவங்க கையில வரலைன்னா மேடம்?"

"பேப்பரை வாபஸ் வாங்கிடுவோம். நானே எழுதிடுவேன்."

குரலை உயர்த்தவே இல்லை. தீசிஸில் மூன்று அத்தியாயம் அந்தப் பேப்பரின் மேல் நிற்கிறது. அதை உருவினால் மிஞ்சுவது முன்னுரையும் நன்றியுரையும்தான். வருகிற கோடையில் முடிக்கிறேன் என்று வீடு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேனே!

பிப்ரவரி 12, வியாழன்

இரண்டாம் வருடப் பிள்ளைகளின் விடைத்தாள் கட்டு வந்துவிட்டது. திருத்தித் தொலைக்க வேண்டும். மின்னோட்டம் திரும்பிப் போக வழியே வைக்காமல் சர்க்யூட் வரைந்தவர்களுக்கெல்லாம் தயவு தாட்சண்யம் இல்லாமல் மார்க்கை வெட்டினேன். இருக்கிற எரிச்சலுக்கு நன்றாக இருந்தது.

பிப்ரவரி 17, செவ்வாய்

தாடி புதிதாக ஒரு கிளாம்ப் செய்து கொண்டுவந்தான். என் கை அழுத்துகிற அளவுக்கு ஸ்பிரிங் வைத்து, அளந்து, மெனக்கெட்டுச் செய்திருக்கிறான். மாட்டினோம். கோடு ஏறியது. ஸ்பிரிங்கை இறுக்கினோம். ஏறியது. தளர்த்தினோம். அதற்கும் ஏறியது.

நான் போய்ப் பிடித்தேன். இறங்கி, நேராகி, பூனைக்குட்டி மாதிரி படுத்துக்கொண்டது.

அவன் தாடியைச் சொறிந்துகொண்டே, "நீங்க எடுத்தா மட்டும் வருதுன்னா..." என்று இழுத்தான்.

"என்னடா? நான் பொய்க் கணக்கு எழுதறேன்னு சொல்றியா?"

"ஐயோ சீனியர், நான் அப்படிச் சொல்லவே இல்ல!"

அவன் சொல்லவில்லைதான். எனக்கு நானே சொல்லிக்கொண்டிருப்பதை அவன் வாயில் திணித்துவிட்டேன். பாவம், மதியம் டீயைக்கூடத் தனியாகப் போய்க் குடித்தான்.

நல்லதாக வந்த அளவுகளை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் "சரியாக மாட்டவில்லை" என்று ஒதுக்கிவிட்டேனோ? பழைய பதிவுகளையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். அப்படி இல்லை. என் கையில் எப்போதும் வந்திருக்கிறது. ஆனால் ஒருத்தி கையில் மட்டும் வருவது அறிவியலா? அது மந்திரம் இல்லையா?

பிப்ரவரி 20, வெள்ளி

அக்காவிடம் கொட்டித் தீர்த்தேன். டூட்டி முடித்து வந்து காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முழுசும் கேட்டுவிட்டு, "எங்க வார்டுல ஒரு பிபி மிஷின் இருக்கு. தலைமை நர்ஸ் போட்டா மட்டும்தான் ஓடும்" என்றாள்.

"அதை என்ன பண்ணீங்க?"

"அவங்க லீவு போட்ட அன்னிக்கு வேற மிஷின் வாங்கிட்டோம்."

நல்ல ஆறுதல். இவளிடம் போய்ச் சொன்னேன் பார்.

பிப்ரவரி 25, புதன்

ஒன்றும் நடக்கவில்லை. கோடு மட்டும் ஏறுகிறது.

மார்ச் 1, ஞாயிறு

பன்னிரண்டாம் தேதி பேராசிரியர் வருகிறார். அதையே நினைத்துக்கொண்டு வெங்காயம் நறுக்கினால் வேறென்ன ஆகும்? இடது கையில்தான் கத்தி, ஆனாலும் வெட்டு இடது கைக்கே. கத்தி நழுவ, விழாமல் பிடிக்கப் போய் உள்ளங்கையை நீளமாகக் கீறிவிட்டது. கீழே விழுகிற கத்தியைப் பிடிக்கிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அக்கா கட்டுப் போட்டாள். அவள் கட்டுப் போட்டால் சும்மாவா? பஞ்சு, துணி, அதற்கு மேல் ஒட்டுப் பட்டை, விரல்களையும் சேர்த்துச் சுற்றி... கை போய்க் காலிஃபிளவர் வந்துவிட்டது.

"இத்தனூண்டு வெட்டுக்கு இவ்வளவா?"

"பேசாம இருடி. அந்த அழுக்கு மோட்டார் ரூமுக்குத்தானே நாளைக்கும் போவே."

மார்ச் 2, திங்கள்

என் கையிலும் வரவில்லை.

எல்லாம் வழக்கம்போலத்தான் செய்தேன். வலது மணிக்கட்டில் வார், அதன் கிளிப் பெட்டியில், இடது கை சென்சாரின் பித்தளை வளையத்தின் மேல். கட்டுக்கு மேலேயே அழுத்திப் பிடித்தேன். கோடு ஏறியது. இன்னும் அழுத்தினேன். வலி உயிர் போனது. கோடு உச்சியில் போய் ஒட்டிக்கொண்டது.

மறுபடி. மறுபடி. இதுவரைக்கும் ஒருத்தர் கையிலாவது வந்துகொண்டிருந்ததே, அதுவும் போச்சு. படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். துடைத்துக்கொள்ளப் போனால் கையில் காலிஃபிளவர்.

தாடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அப்புறம், "சீனியர், கடைசியில நீங்களும் எங்க கட்சியில சேர்ந்துட்டீங்க" என்றான்.

அடிக்கலாம் போல இருந்தது. ஆனால் சிரிப்பு வந்துவிட்டது.

மார்ச் 3, செவ்வாய்

எப்படி எழுதுவது? வலது கையால் எழுதுவதால் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது. பரவாயில்லை.

காலையில் பல் தேய்க்கும்போது தாடி சொன்னது மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. நானும் அவர்கள் கட்சி. சரி — எதனால்? ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பிருந்த நானும் இப்போதிருக்கும் நானும் எதில் வேறு? நிற்கும் இடம் அதேதான். அழுத்தமும் குறையவில்லை, கூடத்தான் கூடியது. மாறினது ஒன்றே ஒன்று. என் தோலுக்கும் அந்த வளையத்துக்கும் நடுவில் அக்கா வந்துவிட்டாள்!

வாயில் நுரையோடு அப்படியே நின்றேன்.

ஓட்டமாக ஓடி, வாரைக் கட்டிப் பெட்டியில் மாட்டி, மோட்டாரைப் போட்டேன். கோடு மேலே ஏறி உட்கார்ந்ததும் வலது கட்டைவிரலை மெல்ல வளையத்தின் மேல் வைத்தேன். அழுத்தவே இல்லை, சும்மா தொட்டேன். கோடு இறங்கியது. விரலை எடுத்தேன். ஏறியது. வைத்தேன். இறங்கியது.

"தாடீ!" என்று கத்தியது மேல் மாடி வரைக்கும் கேட்டதாம்.

அவன் வந்து தன் வாரைக் கட்டி, எல்லோரையும் போல விரிப்பின் ஊக்கில் மாட்டிக்கொண்டு தொட்டான். ஒன்றும் ஆகவில்லை. அவன் முகம் தொங்கிப்போனது. நான் அந்தக் கிளிப்பைப் பிடுங்கி, நான் மாட்டுவதுபோல ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் மாட்டினேன். "இப்போ தொடு."

கோடு இறங்கியது. தாடிக்கும் கைராசி!

அவ்வளவுதான் விஷயம். ஆம்ப்ளிஃபயர் பேட்டரியில் ஓடுகிறது, எதோடும் ஒட்டாமல் தனியாக நிற்கிறது. அதன் வாசலில், அதாவது சென்சார் ஒயர் நுழைகிற இடத்தில், சொட்டுச் சொட்டாகக் கசிகிற மின்னோட்டம் திரும்பிப் போக ஒரு வழி வேண்டும். நான் வழியே வைக்கவில்லை. வடிகால் இல்லாத தொட்டி நிரம்புகிற மாதிரி நிரம்பி, கோடு மேலே போயிருக்கிறது. என் விஷயத்தில் மட்டும் அந்த வடிகால் நான்தான். வளையத்திலிருந்து என் கை, என் உடம்பு, மணிக்கட்டு வார், அதற்குள் இருக்கிற பெரிய ரெசிஸ்டர், அங்கிருந்து பெட்டி. இத்தனை நாளும் நான் என் சர்க்யூட்டை அளக்கவில்லை. அதில் ஒரு பாகமாக நின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

வாரில் இருக்கும் அதே அளவு ரெசிஸ்டர் ஒன்றை எடுத்து வளையத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் தாடி சால்டர் வைத்தான். அரிசி அளவுகூட இல்லை. யாரும் தொடாமல் கோடு நேராகப் போனது. இரண்டு பேரும் ஆளுக்கொரு ஸ்டூலில் உட்கார்ந்து அதையே வேடிக்கை பார்த்தோம். இதைவிடச் சலிப்பான காட்சி உலகத்தில் இல்லை. எனக்குக் கண்ணை எடுக்க மனமில்லை.

பொய் இல்லை. நான் எழுதியது எதுவும் பொய் இல்லை.

மார்ச் 4, புதன்

மேடத்திடம் சொல்லப் போனேன். பேப்பரில் போட்ட சர்க்யூட் வரைபடத்தை விரித்து, ரெசிஸ்டர் இருந்திருக்க வேண்டிய இடத்தைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றினார். போட்டார். மறுபடி கழற்றினார்.

"இது நான் இரண்டாம் வருஷத்துக்கு நடத்துற பாடம்."

"ஆமா மேடம்."

"நீ போன மாசம் திருத்தின பேப்பர்ல இருந்த கேள்வி."

"ஆமா மேடம்." மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது.

"எத்தனை பேருக்கு மார்க் வெட்டினே?"

சொன்னேன். அவர் தோள் குலுங்கியது. கோபம் என்று பயந்தேன். சிரிக்கிறார்! ஐந்து வருடத்தில் மேடம் சத்தம் போட்டுச் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். "இந்தப் படத்தை அனுப்பறதுக்கு முன்னாடி நானும்தான் ரெண்டு தடவை பார்த்தேன். எனக்கும் சேர்த்து வெட்டிக்கோ" என்றார்.

அப்புறம் முகம் மாறியது. புது அளவுகளைக் கேட்டார். நானும் அதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன், என் கை இல்லாமல் பழைய தரம் வருமா என்று. காட்டினேன். முன்பைவிடக் கொஞ்சம் சுத்தமாகவே இருக்கிறது. அறையில் இருக்கிற டியூப் லைட்டின் மின் இரைச்சலையெல்லாம் என் உடம்புதான் ஏரியல் மாதிரி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்ததாம். இது என்ன கைராசி!

பேராசிரியர் கையில் வந்துவிட்டால் வாபஸ் வேண்டாம், எங்கே தவறினோம் என்று திருத்தம் எழுதிப் போடலாம் என்றார் மேடம். வராவிட்டால் பழைய பேச்சுதான்.

மார்ச் 12, வியாழன்

பேராசிரியர் வந்தார். குள்ளமாக, அமைதியாக, கடிதத்தில் இருந்த அதே மரியாதையோடு. தன் ஊரில் செய்த ஆம்ப்ளிஃபயரையே கொண்டுவந்திருந்தார். தாடி அதில் ரெசிஸ்டரை வைத்தான். நான் பழக்க தோஷத்தில் வளையத்தைச் சரிசெய்யக் கையை நீட்டினேன்.

"நீ கையைக் கட்டிக்கிட்டு அந்த ஓரமா நில்லு" என்றார் மேடம்.

பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்தப்பட்டவள் மாதிரி கதவோரம் நின்றேன். பேராசிரியரே மாட்டினார். அவரே மோட்டாரைப் போட்டார். கோடு ஆரம்பித்தது. ஏறிவிடுமோ, ஏறிவிடுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கைகளை எவ்வளவு இறுக்கிக் கட்டியிருந்தேன் என்றால் ஆறிவந்த காயம் வலித்தது.

ஏறவில்லை. டீ வந்து, ஆறி, அதையும் குடித்து முடித்தார்கள். அப்போதும் ஏறவில்லை.

பேராசிரியர் என் பக்கம் திரும்பி, "இனிமே கையை அவுத்துக்கலாம்மா" என்றார்.

போன உயிர் திரும்பி வந்தது. தாடி என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். வீட்டுக்கு வந்து அக்காவைக் கட்டிக்கொண்டேன். "உன் கட்டுதான்டி என்னைக் காப்பாத்துச்சு." அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "பின்ன, அதுக்குத்தானே கட்டறது" என்றாள்.

மார்ச் 19, வியாழன்

திருத்தத்தை அனுப்பியாகிவிட்டது. "அளவீட்டின்போது ஆய்வாளரின் உடல் மின்னோட்டத்தின் திரும்பு பாதையாக அமைந்திருந்தது." இந்த ஒரு வரியை எழுத நான் பட்ட பாடு. எல்லோரும் படித்துச் சிரிக்கட்டும். மூன்று அத்தியாயமும் இருந்த இடத்தில் இருக்கிறது.

ஏப்ரல் 21, செவ்வாய்

தீசிஸைச் சமர்ப்பித்தாகிவிட்டது. காலையில் பால்கனியில் உட்கார்ந்து அக்காவோடு பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். அப்போது பேராசிரியரிடமிருந்து செய்தி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தங்கள் லேபில் மோட்டாரை ஓடவிட்டு, அறையைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்களாம். நேற்று வந்து பார்த்தால் சென்சார் ஒரு விரிசலைப் பதிவு செய்து வைத்திருக்கிறது. பேரிங்கைக் கழற்றி வெட்டிப் பார்த்திருக்கிறார்கள். படமும் அனுப்பியிருந்தார். மயிரிழை அளவுக்கு, சொன்ன இடத்திலேயே. கீழே ஒரு வரி: "அறையில் யாருமே இல்லை அம்மா."

இரண்டு தடவை படித்தேன். அக்கா கேட்டாள், "என்னடி, யாரு?"

"மோட்டார்தான். நான் இல்லாமயே பேசுதாம்."

"நல்லதாப் போச்சு. பட்டாணியை உரி" என்று கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.